உன் வயலின் வெளியே கேட்ட நாள்

இன்று காலை ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், டீக்கடைக்காரர் விறகு அடுக்கி வைக்கும் இடத்தில், நம் கண்டக்டரைப் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸ் பேனர்தான். மழைக்காக விறகின்மேல் அதைப் போர்த்தி மூலைகளில் கல் வைத்திருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு அவர் முகம் நீலம் பாய்ந்துவிட்டது. தூக்கிய கையும் அதிலிருந்த குச்சியும் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. பக்கத்தில் பெங்களூர்ப் பெண். அவள் வயலினில் பாதியை மடிப்பு மறைத்துவிட்டது. கீழே கொட்டை எழுத்தில் 'மாபெரும் ஆர்க்கெஸ்ட்ரா' என்று இருந்தது.

நான் நின்றுவிட்டதைப் பார்த்து டீக்கடைக்காரர், "இன்னா டீச்சர், அதையே பாக்குறீங்க? வேணும்னா எடுத்துக்கினு போங்க, நான் வேற எதுனா போத்திக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றேன். எடுத்துப்போய் எங்கே வைப்பது? விறகாவது நனையாமல் இருக்கட்டும்.

பஸ் வரத் தாமதமானது. அதுவரை மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தும் பேச்சு நிற்கவில்லை. திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சோர்வாக இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் போனில் என் முதல் வார்த்தையைக் கேட்டதுமே, "இன்னாடி மல்லி, டல்லா கீற?" என்றிருப்பாய். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிற வயது வந்துவிட்டது.

நாம் இருவரும் வயலின் கற்றுக்கொண்டது கான்வென்ட் விடுதியில். நீ கத்தோலிக்கக் குடும்பம், கண்ணமங்கலம். நான் செங்கம் பக்கத்தில் நிலக்கடலை போடுகிற வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசிக்க ஆள் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு நீ நர்ஸ் ஆனாய், நான் கணக்கு டீச்சர் ஆனேன். இரண்டு பேருக்கும் கடைசியில் இந்த மலையில்தான் வேலை அமைந்தது. என் வீட்டுக்காரருக்குக் காவலூர் வானாய்வகத்தில் மின்பணி. நீ மலைக்கிராமத்துப் பங்குக் கோவிலை ஒட்டிய மருந்தகத்தில். திருமணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "ஊசி போடவே நேரம் போறல, இதுல அது வேறயா" என்பாய்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணமங்கலத்துக்குப் பஸ்ஸில் இறங்குவோம். கோவில் கூடத்தில் ஒத்திகை. அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த கூட்டம் அது. தபால்காரர், மருந்துக்கடைக்காரர், ஆரணியில் பட்டு நெய்கிற அண்ணன் தம்பி, ஓய்வு பெற்ற போலீஸ் பேண்டுக்காரர்கள், செல்லோ வாசிக்கிற பல் டாக்டர். சினிமாப் பாட்டு கிடையாது. மேற்கத்திய சங்கீதம், அதுவும் நம்மால் முடிந்த அளவு. அதற்கு லீடர் நீ. முதல் வயலின்களில் முதல் நாற்காலி உன்னுடையது. மற்ற எல்லோரும் உன் வில்லைப் பார்த்துத்தான் தங்கள் வில்லை எடுப்பார்கள். நான் உன் பக்கத்து நாற்காலி. இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, அதில் ஒரே இசைக்குறிப்புத் தாள்.

பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ என்று எத்தனை மாதம் வேலூருக்கு நடந்தோம்! முடி திரும்ப வளர்ந்தது. உன் பேச்சும் திரும்ப வந்துவிட்டது. விரல் நுனிகள் மட்டும் திரும்பவில்லை. கீமோ மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்று உனக்கே தெரியும், நீயே நர்ஸ். "சூடு தெரியல, ஊசி குத்துனா தெரியல. பஞ்சு வெச்சுத் தெச்ச மாரி கீது" என்று கையை என் முன்னால் விரித்துக் காட்டினாய். பார்க்க எப்போதும்போல்தான் இருந்தது அந்தக் கை.

அந்தச் சனிக்கிழமை கோவில் கூடத்துக்குள் நுழைந்ததும் நேராகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இன்னா பாக்குற? அங்க போய் உக்காரு."

"அது உன் எடம்."

"எனக்கு இப்ப விரலு எங்க கீதுன்னே தெரியல. நான் லீடரா? நீ உக்காருடி. எல்லாரும் பாக்குறாங்க பாரு."

உட்கார்ந்தேன். நாற்காலி என்னவோ எல்லா நாற்காலியும் போல்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேர் என் வில்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பாரம் அன்று தோளில் ஏறியது. அது இன்னும் இறங்கவில்லை.

குச்சி அசைத்துக் குழுவை நடத்துகிற கண்டக்டர் ஒருவரை வெளியிலிருந்து அழைத்துப் பெரிய கச்சேரி ஒன்று செய்யலாம் என்று பல் டாக்டர் சொன்னபோது, வேலூரிலா ஆரணியிலா என்று பேச்சு ஓடியது. நீதான் மலையில் வைக்க வேண்டும் என்றாய். மருந்தகத்துக்கு எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில். எல்லோரும் சிரித்தார்கள். ஆளுயரப் பாஸ் வயலினை எப்படி மேலே ஏற்றுவது, மலைக்குளிரில் சுருதி கலையுமே, யார் வந்து கேட்பார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். "என் ஜனங்க கேப்பாங்க" என்றாய். சிகிச்சை முடிந்து வந்தவள் கேட்கிறாள், எப்படி மறுப்பது என்றுதான் ஒப்புக்கொண்டார்கள். அது உனக்கும் தெரியும். தெரிந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டாய்.

வந்தவர் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, இளம் வயதிலேயே ஆஸ்திரேலியா போய், அங்கேயே பல காலம் கண்டக்டராக இருந்தவர். எழுபதைத் தாண்டிய ஆள். தமிழ் துருப்பிடித்திருந்தது, ஆனால் உடையவில்லை. அவரை மருந்தகத்து வாசலில் உன் நோயாளிகளுக்கு அறிமுகம் செய்தாய். "இவரு கண்டக்டரு" என்றதும் ஒரு பாட்டி, "எந்த ரூட்டு பஸ்ஸுல?" என்று கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நாளைக்கு இங்கேதான் ஓட்டுறேன், வந்து ஏறிக்கோங்க" என்றார். அன்றே அவரை உனக்குப் பிடித்துவிட்டது.

தனி வயலின் வாசிக்கப் பெங்களூரிலிருந்து வந்த பெண்ணை எனக்குத்தான் முதலில் பிடித்தது. இருபத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டில் படித்தவள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி, வெளுத்த முகத்தோடு வேனிலிருந்து இறங்கினாள். நீ அவளைக் கையோடு மருந்தகத்துக்குள் அழைத்துப்போய், எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்தாய். அவள் தூங்கி எழுந்தபோது உன் ஸ்வெட்டர் அவள்மேல் இருந்தது. அதற்குப் பிறகு உன்னை அக்கா என்று மட்டும்தான் கூப்பிட்டாள்.

கச்சேரிக்கு முதல் நாள் அதே பள்ளிக்கூடத்தில் வைத்த ஒத்திகையில் நடந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணோடு நாம் வாசிக்கவிருந்தது ஒரு கான்செர்ட்டோ, அதாவது தனி வயலின் ஒன்றும் குழு முழுவதும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது மாதிரி எழுதப்பட்ட நீண்ட இசை. அதன் முதல் பகுதியின் நடுவில் கண்டக்டர் குச்சியை ஸ்டாண்டில் தட்டி நிறுத்தினார். குனிந்து நம் பக்கம் பார்த்தார்.

"இங்கே ரெண்டு வில்லு ஆடுது. ஒரு சத்தம்தான் வருது. ஏன்?"

சில மாதங்களாகவே நீ கடினமான இடங்களில் வில்லைத் தந்திக்கு மேலே படாமல் ஆட்டிக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும், பின்வரிசையில் சிலருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. நான் ஏதோ சொல்ல எழுந்தேன். நீ என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு எழுந்தாய்.

"நான்தான் சார். கேன்சருக்கு மருந்து ஏத்தினாங்க. விரல் மரத்துப்போச்சு. தந்தி எங்க கீதுன்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. வேகமா வர்ற எடத்துல பாக்க முடியல."

வெளியே யாரோ சாமை புடைக்கும் முறச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்போ ஏன்மா உக்காந்திருக்கீங்க?" திட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இந்தக் கச்சேரி இங்க நடக்கணும்னு கேட்டவ நான். எங்க ஜனங்க வருவாங்க. அவங்கள மேடைக்கு முன்னாடி உக்கார வெச்சிட்டு நானும் கீழ உக்காந்து பாக்குறதுன்னா... முடியாது சார். எனக்கு இங்கதான் உக்காரணும்."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். மேடைப் பலகையிலிருந்து இறங்கி வந்து உன் இடது கையை வாங்கிப் பார்த்தார். டாக்டர்கள் பார்க்கிற மாதிரி இல்லை, ஒரு வாத்தியத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

"சரி. நாளைக்கு உங்களுக்கு எந்த நோட்டு தெரியுதோ, அதை வாசிங்க. தெரியலேன்னா சும்மா உக்காருங்க, வில்லை மடியிலே வைங்க. பொய்யா ஆட்டாதீங்க. அது மட்டும் எனக்குப் பிடிக்காது."

அவ்வளவுதான். திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஒத்திகை முடிந்து எதிரே மருந்தகத்துக்கு நடந்தோம். எனக்குத்தான் கோபம். "எல்லார் முன்னாடியும் கேக்கணுமா அவரு? தனியா கூப்ட்டுச் சொல்லக் கூடாதா?" என்றேன். நீ நின்று என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

"இல்லடி. எத்தினி மாசமா எல்லாரும் 'சரியாப் பூடும், சரியாப் பூடும்'னு சொல்லிக்கினே கீறீங்க. நீயும்தான். நானும் ஆமா ஆமான்னு வில்ல ஆட்டிக்கினே இருந்தேன். இவரு ஒருத்தருதான் சத்தம் வரலன்னு சொன்னாரு. கேக்க எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

கச்சேரி மதியம் வைத்தோம். வெளிச்சம் இருக்கும்போதே ஜனங்கள் வீடு திரும்ப வேண்டும் என்று உன் ஏற்பாடு. கூடம் நிரம்பும் என்று உன்னைத் தவிர யாரும் நினைக்கவில்லை. நிரம்பி, ஜன்னல்களிலும் ஆட்கள் தொங்கினார்கள். பாதிப் பேர் பேனரைப் பார்த்துச் சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று வந்தவர்கள். முதல் உருப்படி முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர், "எப்பங்க பாட ஆரம்பிப்பீங்க?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். நம் போலீஸ் பேண்டுக்காரர் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். கண்டக்டர் திரும்பி, "இந்தம்மா பாடுவாங்க" என்று பெங்களூர்ப் பெண்ணைக் காட்டினார். அவள் வயலினோடு முன்னால் வந்து நின்றாள்.

நீ அவர் சொன்னபடியே செய்தாய். விரல் வைக்கத் தேவையில்லாத வெறும் தந்தி ஒலிகள், கண்ணால் இடம் பார்த்து வைக்கக்கூடிய நீண்ட ஒலிகள், அவ்வளவுதான் வாசித்தாய். மற்ற நேரம் வில் உன் மடியில் இருந்தது. என் இடக்காதுப் பக்கம் உன் ஒலி வரும், நிற்கும், பிறகு வரும். வந்தபோதெல்லாம் சுத்தமாக இருந்தது.

முதல் பகுதி முடிவதற்குச் சற்று முன்னால் அது நடந்தது. உச்சியில் ஏறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் வயலினில் மேல் தந்தி அறுந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். குளிரும் ஈரமும் அதைக் காவு வாங்கியிருக்க வேண்டும். இப்படி நடந்தால் லீடர் தன் வயலினைக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். குழு நிற்காது, வாசித்துக்கொண்டே இருக்கும். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தாடையிலிருந்து வயலினை எடுக்கப் போனேன். அதற்குள் எனக்குக் குறுக்கே ஒரு கை நீண்டது. உன் வயலின்.

"நீ வாசி, நான் சும்மாதான கீறேன்" என்று என் காதோரம் முணுமுணுத்தாய்.

வயலின்கள் கை மாறின. அவள் உன் வயலினைத் தோளில் வைத்துக்கொண்டாள். அதன் கழுத்து அவளுக்குப் புதிது. முதல் சில ஒலிகளில் தேடினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையில் வேலை இருந்தது, அதனால் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. ஆனால் ஓரக்கண்ணில் நீ இருந்தாய். அவளுடைய வயலினை மடியில் கிடத்தி, அறுந்த தந்தியைக் கழற்றி, உன் பெட்டியிலிருந்து புதியதை எடுத்தாய். தந்தியின் நுனியை, அதை முறுக்குகிற பிரடையின் ஓட்டையில் நுழைக்க வேண்டும். விரலுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை தவறியது. அப்புறம் பிரடையை வாயருகே கொண்டுபோனாய். விரலில் தெரியாத ஓட்டையை உதட்டால் தேடிக் கண்டுபிடித்து, பல்லால் பிடித்த நுனியை அதில் செலுத்தினாய். ஊசியில் நூல் கோக்கிற பெண்கள் நூலை வாயில் வைத்து ஈரப்படுத்துவார்களே, பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

முதல் பகுதி முடிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அந்த இடத்தில் தட்டக் கூடாது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, கண்டக்டரும் முகம் சுளிக்கவில்லை. நீ சரி செய்த வயலினை அவளிடம் நீட்டினாய். விலை உயர்ந்த வாத்தியம் அது. அவள் அதைப் பார்த்தாள். தன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"அக்கா, இதிலேயே முடிக்கட்டுமா? ப்ளீஸ். புதுத் தந்தி சீக்கிரம் சுருதி இறங்கிடும். அதுவும் இல்லாம..." நிறுத்திவிட்டு, "இது நல்லாப் பேசுது" என்றாள்.

நீ தலையசைத்தாய்.

இரண்டாம் பகுதி மெதுவானது. குழுவுக்கு அதில் அதிக வேலை இல்லை. கீழே நீண்ட ஒலிகளை விரித்துப் பிடிக்க வேண்டும், தனி வயலின் மேலே நடக்கும். ஆக, நான் உன்னைப் பார்க்க முடிந்தது. நீ அவளுடைய வயலினை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாய், வில் இல்லாமல். உன் இடது கை விரல்கள் அதன் கழுத்தில் அவளோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பகுதி முழுவதும் உனக்கு மனப்பாடம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எப்போது கற்றாய், யாருக்காகக் கற்றாய் என்று நான் கேட்கவே இல்லை. மருந்தகத்தில் உட்கார்ந்து யாரும் இல்லாத மதியங்களில் வாசித்திருப்பாய்.

முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டி, பஸ் ரூட்டு கேட்டவள், பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னாள்: "ஏ, அது நம்ம நர்சம்மா பொட்டிதான? அந்த சிவப்பு?"

"ஆமா, நர்சம்மாதுதான். கிறிஸ்மசுக்கு வாசிச்சாங்களே, அது."

பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. நர்சம்மாது, நர்சம்மாது. ஜன்னலில் தொங்கியவர்கள் வரை போயிருக்கும். அதன்பிறகு அந்தக் கூடம் கேட்ட விதமே மாறிவிட்டது. எப்போது பாட ஆரம்பிப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இருமல்கூட இல்லை. வெளியூர்ப் பெண் வாசிக்கிறாள் என்று கேட்டவர்கள், தங்களுக்கு ஊசி போட்டவளின், தங்கள் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்தவளின் பொருளைக் கேட்டார்கள்.

கடைசிப் பகுதியும் முடிந்து எல்லோரும் எழுந்து நின்று வணங்கியபோது, அந்தப் பெண் உன்னைக் கை பிடித்து முன்னால் இழுத்தாள். நீ மறுத்துத் திமிறினாய். கண்டக்டர் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் நடுவில், கைத்தறிப் புடவையும் அரைகுறையாக வளர்ந்த முடியுமாக, தரையைப் பார்த்தபடி நின்றாய். கூடம் கத்திய கத்தலில் தகரக்கூரை அதிர்ந்தது.

பிறகு பள்ளி முற்றத்தில் எல்லோரும் சாமைச் சோறும் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாம் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தோம். நீ சாப்பிடவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சின்னதுலேந்து அது என் காதுகிட்டவே கத்திக்கினு இருந்துச்சுடி. தாடைக்குக் கீழ. வெளிய அது எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. இன்னிக்குத்தான் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

நீ யோசித்தாய். "என்னிய மாரி இல்ல" என்றாய். கொஞ்சம் கழித்து, "நல்லா இருந்துச்சு" என்று சிரித்தாய். அப்புறம் அழுதாய். நான் தட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

அதற்குப் பிறகு நீ வயலின் வாசிக்கவில்லை. ஆனால் ஒத்திகைக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. அதே நாற்காலி, கையில் வில் இல்லாமல். பல் டாக்டர் ஒருமுறை தயங்கித் தயங்கி, கீழே சௌகரியமாக உட்காரலாமே என்றார். "இங்கதான் சார் நல்லாக் கேக்குது" என்றாய்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு நோய் முதுகெலும்புக்கு வந்தது. மருந்தகத்தை விட்டுவிட்டுக் கண்ணமங்கலத்தில் உன் தங்கை வீட்டில் படுத்தாய். சனிக்கிழமைகளில் ஒத்திகைக்கு முன்னால் உன்னிடம் வருவேன். எது வாசிக்கிறோம், யார் வரவில்லை, யார் சுருதி சேராமல் வாசித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்பாய். நான் என் சலிப்பையும் சொல்வேன். ஒருநாள், "என்னால முடியல, இந்த நாற்காலி எனக்கானது இல்ல. நீ எழுந்திரிச்ச எடத்துல நான் உக்காந்துட்டேன்" என்றேன். நீ கண்ணை மூடியிருந்தாய், தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

"நான் எழுந்திரிக்கல. நோய் எழுப்புச்சு. உன்ன உக்கார வெச்சது நான். அத மாத்திச் சொல்லாத" என்றாய்.

குரலில் சக்தி இல்லை, ஆனால் மருந்தகத்தில் நோயாளிகளை அதட்டுவாயே, அந்தத் தொனி இருந்தது.

நீ போனபோது மழைக்காலம். அடக்கத்துக்கு மலையிலிருந்து வந்தவர்களைப் பார்த்து உன் தங்கையே திகைத்துப்போனாள். சரக்கு வண்டிகளில் நின்றுகொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் கோவிலில் வாசித்தோம். நன்றாக வாசித்தோம் என்று சொல்ல மாட்டேன். பெங்களூர்ப் பெண் வெளிநாட்டில் இருந்தாள், போனில் அழுதாள். கண்டக்டர் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு வரி அனுப்பினார், 'சரியான நோட்டு மட்டும் வாசித்தவர்' என்று. உன் வயலினை உன் தங்கை மகள் சென்னைக்கு எடுத்துப் போனாள். வாசிக்கிறாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்கு மனமில்லை.

இப்போது குழு பாதியாகிவிட்டது. ஆரணி அண்ணன் தம்பியில் தம்பி மட்டும் வருகிறார். பல் டாக்டருக்கு முழங்கால் வலி. எனக்குத் தோள் வலி, ஓய்வுக்கு இன்னும் சில வருடம் பாக்கி, பஸ் நேரமும் மாறிவிட்டது. இந்த வாரத்தோடு விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைக்கிறேன். சனிக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். காரணம் தேடவில்லை. களைத்துப்போய் ஏறுகிறேன், களைத்துப்போய் இறங்குகிறேன். நடுவில் கொஞ்ச நேரம் எல்லோர் வில்லும் ஒன்றாக எழும்புகிறது. அவ்வளவுதான்.

உன் இடத்தில் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரிப் பெண் உட்காருகிறாள். நல்ல பெண். லீடருக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் தாளின் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவள் சரியான நேரத்தில் சரியான பக்கத்தைத் திருப்புகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீ கடைசிக் காலத்தில் திருப்பியபோது சில சமயம் இரண்டு பக்கம் சேர்ந்து வந்துவிடும். தாள் ஒன்றா இரண்டா என்று உன் விரலுக்குத் தெரியாது. அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் நான் வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். நீ தவறாகத் திருப்பிவிட்டு, பதறிச் சரி செய்கிற வரைக்கும் நான் நிற்காமல் வாசித்துக்கொண்டிருப்பேன். நீ கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணமங்கலத்தில் படுத்திருந்தபோது, நான் கிளம்பும் நேரத்தில், "ஏய் மல்லி, தாள் திரும்புற எடமெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கினுதான வருவ?" என்றாய். நான் இல்லை என்றேன். "போடி" என்றாய்.

அந்த வரிகள் இன்னும் போகவில்லை. எந்த இசையும் எனக்கு முழுதாக மனதில் நிற்பதில்லை. மாவு பிசையும்போதும், கரும்பலகையைத் துடைக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இந்தத் துண்டுகள்தான் வருகின்றன. ஒரு பக்கத்தின் கடைசி வரி, அடுத்ததின் முதல் வரி. அங்கே ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தத் துண்டு ஓடுகிற நேரம்தான் நீ தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டு என் பக்கத்தில் இருந்த நேரம்.